பதிலுக்கு ஒரு வாரம்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டை கடைவீதிச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலித் தாளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த வயதில் படிக்கக் கற்றவன். எந்தச் சுவரையும் விடுவதில்லை. பெயரைப் படித்து முடித்த பிறகுதான் அது நம் மரகதம் என்று புரிந்தது. படிக்கத் தெரியாதிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் அவர் எனக்கு உயிரோடு இருந்திருப்பார்.

தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய், துணிக் கம்பெனியில் தையல் மெஷின் முன் உட்கார்ந்தவர் அவர். ஞாயிறு சாயந்திரம் எங்கள் புத்த விகாரையின் பின்கூடத்தில் பாய் விரிப்பார். யார் வேண்டுமானாலும் வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாம். பதிலை ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல வேண்டும். ஒருமுறை, கூடத்தின் சாவி வைத்திருக்கும் செல்வம் உடனே போனைத் தடவி ஒரு பதிலை வாசித்தார்.

“அது போனோட பதிலு. உன்னுது இன்னா?” என்றார் மரகதம்.

“அதுக்கு ஏன்க்கா ஒரு வாரம்?”

“சுரங்கத்துல வெடி வெச்சா, பொகை அடங்கறதுக்குள்ள உள்ள போவாங்களா? உங்கப்பாவக் கேளு.”

கேட்பவரே கேள்வியைப் பலகையில் எழுத வேண்டும். என்னிடம் கேள்வி இருந்தது, எழுத்து இல்லை. அதற்காகவே அவரிடம் ‘அ’ போடத் தொடங்கினேன். கடைசியில் ஒருநாள் எழுதியேவிட்டேன்: ‘சுரங்கம் மூடிய பிறகு நான் யார்?’

“பென்ஷன் வாங்கறவரு!” என்று செல்வம் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

“அது பேங்க்குக்குத் தெரியும். நீங்க யோசிங்க மாமா” என்றார் மரகதம். அந்த வாரம் முழுவதும், ஷிஃப்டுக்குக் கிளம்பியவனைப் போல, தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிக் குவித்த சயனைட் மேட்டைச் சுற்றி நடந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது செல்வம் சொன்னார்: “கூடத்த கம்ப்யூட்டர் கிளாஸுக்கு உட்றலாம் மாமா. யோசிச்சி யாருக்கு இன்னா கெடச்சிது?”

“மத்த நாள்ல கிளாஸ் நடத்து தம்பி. ஞாயித்துக்கெழம சாயந்தரம் எங்களுது.”

“அக்காவே இல்ல. யாரு வருவா?”

“நான் வருவேன்.”

“ஒருத்தரு உக்காந்தா அது கூட்டமா?”

“உக்காந்து பாக்கறேன்.”

ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறவர்களுக்கு யோசனை எதற்கு என்று கேட்கிறார்கள். நாள் முழுவதும் பிறர் சொன்னதைச் செய்கிறவருக்குத்தானே சொந்தமாக ஒரு நினைப்பு வேண்டும்? மரகதம் ஊருக்கெல்லாம் சட்டை தைத்துக்கொண்டே அதைக் காப்பாற்றிக்கொண்டார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம். வரும் ஞாயிறு கதவு திறந்திருக்கும். பூட்டுப் போட வருகிறவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்காரலாம்.