ஆடு தின்ற இரும்பு

ஒரு பெண்ணின் வாய்க்கு வரவிருந்த கஞ்சியை ஒரே வாக்கியத்தால் தடுத்தவன் நான். அந்த வாக்கியம் அழகாக அமைந்துவிட்டது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

இல்லையா... இருங்கள். அதற்கும் வருகிறேன்.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கும் நாள்காட்டிகளுக்கும் வாசகம் எழுதிப் பிழைக்கிறேன். மீதிப் பொழுதில் வசன கவிதை. ஐம்பதை நெருங்கியும், என் வரி ஒன்றையாவது நாலு பேர் திருப்பிச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன். பட்டாசு முதலாளிகள் சிலர் சேர்ந்து நடத்தும் ஓர் அறக்கட்டளை என்னைக் கூப்பிட்டது. அவர்களிடம் ஒரு திட்டம் வந்திருந்தது. கம்பு மணியிலேயே இரும்புச் சத்து கூடுதலாக இருக்கும்படி உருவாக்கிய புது ரகம். அதை ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் விளைவித்து, இரத்தசோகை பிடித்த தொழிலாளிப் பெண்களுக்குக் கொடுப்பது. முதலில் ஒரு தெருவுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். தின்கிறார்களா, எல்லா ஊருக்கும் விரிக்கலாமா என்று வீடுவீடாகப் பார்த்து அறிக்கை எழுத வேண்டியது என் வேலை.

"உங்களுக்குத்தான் எழுத்து வரும்" என்றார் செயலாளர். அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன்.

இரத்தம் சோதிக்கச் செவிலி ஒருத்தி கூட வந்தாள். பெண்களின் விரல்நுனியெல்லாம் பட்டாசு மருந்துப் பொடி ஏறி வெள்ளியாகியிருந்தது. இரண்டு முறை பஞ்சால் துடைத்த பிறகுதான் ஊசி குத்த இடம் தெரிந்தது. பேச்சியம்மாளின் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள் செவிலி. உள்ளே காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரம் சுற்றும் வேலை அவளுக்கு. வயிற்றில் மூன்று மாதம்.

மறுவாரம் அதே பேச்சியம்மாள், அறக்கட்டளை கொடுத்த கம்பை ஊறவைத்து ஆட்டுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். என் கண்ணால் பார்த்தேன்.

"என்னம்மா, ஆட்டுக்கா போடுற?"

"ஆமா அண்ணாச்சி. அதுக்குத்தான் வேலவெட்டி இல்ல. உக்காந்து அசபோடும்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் சத்து, இரும்பு, பிள்ளை என்று விளக்கத் தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"வேன் அஞ்சரைக்கு வந்துரும். திரும்பி வர ஏழாவுது. இத ஊறவச்சு, இடிச்சு, பொடச்சு, காச்சி... எப்பங்கிறீக? மில்லுல திரிச்சு வச்சா நாலஞ்சு நாள்ல கசந்துபோவுது. நீங்க சும்மாதான வாரீக? இடிச்சுக் குடுத்துட்டுப் போங்களேன்."

"ஏட்டி, அவுகளப் போயா கேக்க? பேனா புடிக்கிற கையி. உலக்கயத் தூக்குனா தோள்பட்ட எறங்கிராது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே ஏதோ ஒன்று சுருண்டு படுத்தது.

பேச்சியம்மாள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் கண் இருட்டியிருக்க வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு பேசியபோது குரலில் கேலி இல்லை.

"எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. கம்பெனிக்குள்ள அடுப்பு மூட்ட முடியாது, தீப்பெட்டி கொண்டுபோனாலே வெளிய அனுப்பிருவாக. அதனால இங்கன சத்துணவுக் கூடத்துல விடியக்காலம் கஞ்சியாக் காச்சி, டிரம்முல ஊத்தி, எங்க வேனுலயே ஏத்திவிடச் சொல்லுங்க. பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளரு குடிக்க விட்டாப் போதும். எல்லாரும் வெறும் வயித்தோடதான் போறோம். அம்புட்டுதான்."

எழுதினேன்.

"வாசிங்க பாப்போம்."

வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள்.

"ம். இத விட்டுறாதீக."

விட்டுவிட்டேன்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது முதலில் வந்து நின்றது அந்த ஆடு. ஆட்டின் பின்னாலேயே வரி வந்தது: 'இவர்களின் நாக்கு வெள்ளைச் சோற்றுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டது, நாம் கொடுத்த இரும்பை ஆடு தின்றது.' எழுந்து அறைக்குள் நடந்தேன். உடம்பெல்லாம் சூடு. இப்படி ஒரு வரிக்காக எத்தனை வருடம் காத்துக்கிடந்தேன்!

அதன் கீழே அவள் யோசனையையும் எழுதத்தான் செய்தேன். டிரம், வேன், பத்து மணி, டம்ளர்... வாசித்துப் பார்த்தேன். நாக்கு ஏற்கவில்லை என்று மேலே சொல்லிவிட்டு, நேரம்தான் இல்லை என்று கீழே சொன்னால் மேலே உள்ளது செத்துப்போகும். இரண்டில் ஒன்றுதான் உயிரோடு இருக்க முடியும்.

கீழே உள்ளதை அடித்தேன். ஒரே கோடு.

பயந்துபோய் அடித்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பத்து மணிக் கஞ்சி என்றால் முதலாளிகள் கொஞ்ச நேரம் வேலையை நிறுத்த வேண்டும். எனக்குப் படியளப்பவர்களும் அவர்களே... ஆனால் அப்போது முதலாளி யாரும் என் நினைவில் இல்லை. கோடு போடும்போது காதில் கேட்டது அந்தத் தெருவின் சிரிப்பு. உலக்கை. தோள்பட்டை. சிரித்தாய் அல்லவா, இப்போது சிரி... என்று பேனா அழுந்தியது.

நான் பொய் எழுதவில்லை. ஆடு தின்றது உண்மை. இதில் ஆகக் கேவலமான இடம் அதுதான்.

இன்னொன்றும் உண்டு. அத்தனை வாரம் அலைந்தும் அந்தக் கம்பை நான் ஒரு வாய் தின்று பார்க்கவில்லை. பிறர் நாக்கைப் பற்றித் தீர்ப்பு எழுதியவன்!

கூட்டத்தில் செயலாளர் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். "எப்படி எழுதுறாரு பாருங்கய்யா." கைதட்டினார்கள். திட்டம் அன்றைக்கே விழுந்தது. என் வரி மட்டும் எழுந்து நடந்தது. வீணாய்ப்போன எதைப் பற்றிப் பேசினாலும் 'ஆடு தின்ற இரும்பு' என்கிறார்கள் இப்போது, கடைத்தெருவில்.

பேச்சியம்மாள் தீபாவளி சீசன் முடியும்வரை வேலைக்குப் போனாள். கார்த்திகையில் பிரசவம். இரத்தம் போனது... போவதற்கு அவளிடம் அதிகம் இல்லை. பிள்ளை பிழைத்தது.

கஞ்சி குடித்திருந்தால் அவளும் பிழைத்திருப்பாளா? தெரியாது. தெரிந்துகொள்ள வழி இல்லாமல் செய்தவன் நான்.

துக்கம் கேட்கப் போனேன். யாராவது என்னைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று போனேனா, யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளப் போனேனா... அவள் கணவன் கருப்பசாமி, லோடு ஏற்றுகிறவன், துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"அண்ணாச்சி எழுதிட்டாக, சீசனுக்குள்ள கஞ்சி வந்துரும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. வேன்ல டிரம்மு வைக்கன்னு ஒரு எடத்த விட்டுத்தான் உக்காருவாளாம். மத்த பொம்பளைக அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக." தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "ஏன் அண்ணாச்சி வரல?"

"மேல ஒத்துக்கலப்பா."

"அதான. நீங்க என்ன செய்வீக."

அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். கேட்டுக்கொண்டேன். புறப்படும்போது ஒரு பையைக் கையில் திணித்தான். மிச்சமிருந்த கம்பு.

"இங்கன இனி யாரு இடிக்கப் போறா. கொண்டுபோங்க. மதினி காச்சுவாக."

என் மனைவி இடித்தாள். எங்கள் வீட்டில் நேரம் இருந்தது. மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் வைத்துக் கொடுத்தாள். முதல் வாயிலேயே தொண்டையை அடைக்கும் என்று நினைத்தேன். அடைக்க வேண்டும் என்று விரும்பினேன்... அடைக்கவில்லை. நன்றாக இருந்தது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

குறிப்பேடு என் மேசையில்தான் இருக்கிறது. அவள் சொன்னது சொன்னபடியே இருக்கிறது அதில். நாளைக்கே அதை எடுத்துக்கொண்டு செயலாளரிடம் போகலாம். அந்தத் தெருவுக்கு வேன் இன்றைக்கும் அஞ்சரைக்கு வருகிறது. வெறும் வயிற்றோடு ஏறுகிறார்கள். நான் போய்ச் சொன்னால் திட்டம் மறுபடி எழக்கூடும். என் வரி விழுந்துவிடும்.

மேலே அந்த வரியை உங்களுக்காக மறுபடி எழுதினேன் அல்லவா? எழுதி முடித்து ஒரு முறை வாய்விட்டு வாசித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை.