இரண்டு அம்மாக்கள், ஒரே எண்

ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசில், பெயருக்கு நேரே விவரம் வைக்கும் 'ஹாஷ்' பட்டியல்கள் இரண்டை ஒன்றாகச் சேர்க்கும் குட்டிக் கம்ப்யூட்டர் நிரல் ஒன்றை எழுதி முடித்தேன். ஒரே பெயர் இரண்டிலும் இருந்தால் பின்னால் சேரும் பட்டியலில் இருப்பதுதான் நிலைக்கும். அந்த விதியும் என்னுடையது, அதைப் பற்றிய பெருமையும் என்னுடையது.

பெருமை தாங்காமல், மயிலாப்பூர் வீட்டுக்கு வந்ததும் அதே நிரலால் என் போன் எண்களோடு மனைவியின் எண்களைச் சேர்த்தேன். இரண்டு போனிலும் 'அம்மா' உண்டு என்பது இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் 'அம்மா'வை அழைத்து, எடுத்ததுமே கொட்டினேன்: "அடுத்த வாரம் மாமியார் வர்றாங்களாம், அம்மா. ஒரு வாரம் நான் அங்க வந்து இருந்துக்கறேன்."

மாமியார் நிதானமாகச் சொன்னார்: "தாராளமா வாங்க மாப்பிள்ளை. சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுக் கிளம்பறேன்."