வெள்ளைப்புகை அக்கா

எங்கள் தெருவில் துணி காயப்போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது மர மில்லின் புகைபோக்கியைத்தான். "இன்னிக்கு அக்கா ஷிப்டுதானே? அப்ப வெள்ளைச் சட்டையையும் எடுத்துட்டு வா" என்பார்கள். பாய்லருக்கு விறகு போடும் அந்த அக்காவுக்குப் பெயரே வெள்ளைப்புகை. பதினோரு வருஷத்தில் அவள் ஷிப்டில் ஒரு நாள்கூடக் கரும்புகை வந்ததில்லை! எந்தக் கட்டைக்கு எத்தனை கூடை மரத்தூள் கலக்க வேண்டும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம்.

அறுத்த பலகையைக் காயவைக்க நீராவி வேண்டும். அதற்கு எரிப்பது அறுத்ததில் கழித்த துண்டுகள். சிக்கலே அந்தத் துண்டுகளில்தான் வந்தது.

மழை நின்ற பிறகு வந்த பெரிய மரங்களில், அடிப்பக்கம் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. உள்ளே கரி. ரம்பம் ஓட்டுவது அக்காவின் சொந்தத் தம்பி. ஓட்டை இருக்கும் பகுதியை நறுக்கி பாய்லர் பக்கம் தள்ளிவிடுவான். காகிதத்தில் எல்லாம் தோட்டத்தில் நட்டு வளர்த்த மரம் என்று இருந்தது. தோட்டத்து மரத்தில் யார் குழி வெட்டித் தீ வைப்பார்கள்? அது காட்டில் குங்கிலியம் எடுக்கிறவர்கள் வேலை. குழியில் லேசாகத் தீ காட்டி, வடிகிற பிசினை எடுத்து விற்பார்கள். மரம் சாகாது, வருஷக்கணக்கில் சோறு போடும். அக்காவின் பெரியம்மா வீட்டில் இன்றைக்கும் அதுதான் பிழைப்பு.

அவள் ஓட்டைக்குள் விரலை விட்டாள். ஒட்டியது.

"டேய், போன வாரம் வரைக்கும் இதுல யாரோ பிசின் எடுத்திருக்காங்கடா. அவங்க வந்து கேக்காம இருப்பாங்களா?"

"அக்கா, நான் இப்பத்தான் கடன் வாங்கி கூரை போட்டிருக்கேன். வாயத் தொறந்து அதை என் தலையில இறக்கிடாத."

"நான் பாய்லர் வாயத்தான் தொறக்கறேன், போடா."

சொன்னாளே தவிர, அன்று சோற்றுக்கு உட்கார்ந்தும் அதே நினைப்பு. பெரியம்மா வீட்டு மரங்களும் இப்படித்தானே ஒரு நாள் லாரி ஏறும்?

இரண்டு நாள் கழித்து, காலையிலேயே மேனேஜர் ஓடி வந்தார்.

"சரக்கு வாங்குற கம்பெனியிலேர்ந்து ஒரு மேடம் சோதனைக்கு வராங்க. பத்து மணிக்குள்ள இந்த ஓட்டைக் கட்டை ஒண்ணுகூட கண்ணுல படக்கூடாது. எல்லாத்தையும் எரிச்சிடு."

"சார், இது மொத்தமா போட்டா..."

"எனக்குப் பாடம் எடுக்காத. சொன்னதைச் செய்."

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். இரண்டு கட்டையை மட்டும் போட்டு, மிச்சத்தை மரத்தூளுக்குள் புதைத்தால் யாருக்கும் தெரியாது. தம்பி தூரத்திலிருந்து கையைக் காட்டி அதைத்தான் கெஞ்சினான். அவனுக்கும் தெரியும், குங்கிலியக் கட்டை சேர்ந்து எரிந்தால் எப்படி எரியும் என்று.

அவள் மரத்தூள் கூடையைத் தொடவே இல்லை. கட்டைகளை ஒன்றன் பின் ஒன்றாகத் தூக்கிப் போட்டாள்.

அடேயப்பா, அந்தப் புகை! தார் மாதிரி எழுந்து தெருவையே மூடியது. ஊரெல்லாம் குங்கிலிய வாசனை. மேடம் வண்டியை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார்.

"என்ன எரியுது?"

"ஈரத்தூள் மேடம்" என்றார் மேனேஜர்.

"ஈரத்தூள்னா வெள்ளையாத்தானே வரும்?"

மேடம் நேராக பாய்லருக்கு வந்தார். தம்பி ரம்பத்தை நிறுத்திவிட்டு அக்காவையே பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"குங்கிலியக் கட்டை மேடம். இன்னும் நாலு கிடக்கு." ஒன்றைப் புரட்டிப் போட்டாள். "விரலை விட்டுப் பாருங்க."

மேடம் விட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்காமலே ஆபீஸுக்குப் போனார்.

ஆர்டர் நின்றது. மில் ஆறு வாரம் மூடிக் கிடந்தது. சோதனை நடந்த அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்காரி கரி படிந்த போர்வையை அக்கா வீட்டு வாசலில் எறிந்தாள். "உன்னை நம்பித்தானே காயப்போட்டேன்!" அக்கா அதை எடுத்துத் துவைத்தாள். கறை போகவில்லை. தம்பி அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பிறகு மில் திறந்தது. இந்தக் கேள்வியெல்லாம் கேட்காத வேறொருவர் சரக்கு எடுக்கிறாராம். தம்பியைக் கூப்பிட்டார்கள், அவளைக் கூப்பிடவில்லை. முதல் வாரம் முடிந்த அன்று அவன் வந்து வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடா. சாப்டியா?" என்றாள். அவன் உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாள், "இப்ப வர்ற மரத்துல ஓட்டை இருக்கா?"

"இல்லக்கா."

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது.

"இப்பல்லாம் அந்த ஓட்டைப் பக்கத்தைக் காட்டுலயே நறுக்கிட்டுத்தான் அனுப்புறாங்க" என்றான் அவன், தரையைப் பார்த்தபடி.

அவள் எழுந்து கொடியில் கிடந்த துணிகளை உள்ளே எடுத்தாள். இப்போது பாய்லரில் வேறு ஆள்.