பட்டன் போன் தானாகச் சிரிக்காது

இதை யாருக்கும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன் தோழிகளே. படித்ததும் அழித்துவிடுங்கள். உங்களில் இரண்டு பேருடைய அப்பாக்கள் எங்கள் அப்பாவோடு அதே கான்ட்ராக்டில் வேலை செய்கிறார்கள். அவர்கள் காதுக்குப் போனால் என் கதை முடிந்தது...

எங்கள் வீட்டுப் பழைய பட்டன் போன் ஞாபகம் இருக்கிறதா? அமுக்கினால் டிக்கென்று சத்தம் வரும். பட்டன் இடுக்குகளில் எப்போதும் பழுப்புத் தூசி. அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை வாரிப் போடுகிறவர். அவர் சட்டைப் பையில் கிடக்கும் போனும் அதே நிறத்தில்தான் வீட்டுக்கு வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் நான்தான் அதைத் தேய்ப்பேன். தூசி மூக்கில் ஏறித் தும்மல் வரும். எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அது தானாக யாருக்கும் எதையும் அனுப்பியதில்லை. லாக் போட்டால் போட்டதுதான்.

ஏழும் ஒன்பதும் தேய்ந்து அழிந்தே போயிருந்தன. அப்பாவுக்கு அதைப் பார்க்கவே வேண்டாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே, ஒரு கட்டைவிரலால் "வரேன் சார்" என்று சூப்பர்வைசருக்கு மெசேஜ் அனுப்பிவிடுவார்.

நான் மட்டும் என்ன... பத்தாம் வகுப்பில் அதை ஒருநாள் பைக்குள் ஒளித்து எடுத்து வந்தேனே. கண் போர்டில், கை பெஞ்சுக்கு அடியில். கணக்கு டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உங்களுக்கு ஒரு முழு வரி டைப் செய்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

இந்த வருஷம் வந்தது வினை. சூப்பர்வைசர் வாட்ஸ்அப் குரூப் ஒன்றைத் தொடங்கினார். "ஷிப்டு எல்லாம் இனிமே இதுலதான் போடுவேன். பாக்கலன்னு எவனும் மைன்ஸ் கேட்டாண்ட வந்து நிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அப்பா வடலூருக்குப் போய் டச் போன் வாங்கினார். நானும் கூடப் போயிருந்தேன்.

"பட்டன் வச்சது இல்லியாப்பா?" என்று கேட்டார் அப்பா.

"அண்ணே, இன்னும் யாருண்ணே பட்டன் வச்சிக்கினு இருக்காங்க? சும்மா தடவுனா போதும், பூ மாதிரி ஓடும்" என்றார் கடைக்காரர்.

பூவாம்! அப்பாவின் விரல்கள் வெடித்துக் காய்ப்பு ஏறியவை. கண்ணாடியில் அவர் எவ்வளவு அமுக்கினாலும் அது அசையாது. ஒரு எழுத்துக்கு நாலு தடவை குத்துவார். ஐந்தாவது தடவை வேறு ஏதோ எழுத்து வந்து விழும்.

"மாவு பெசையற மாதிரி அமுக்குறியே, மெதுவா தொடுய்யா" என்று அம்மா சிரிப்பார்.

"நான் தொட்டா அதுக்குத் தெரியலடி. என்னை மனுசனாவே சேத்துக்க மாட்டேங்குது!"

கடைசியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மெசேஜ் வந்தால் நான் படிக்க வேண்டும், "ஓகே சார்" என்று நான் போட வேண்டும். பிளஸ் டூ படிக்கிறேனா, அப்பாவுக்கு கிளார்க் வேலை பார்க்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

இன்று சாயங்காலம் அப்பா வந்ததும் படுத்துவிட்டார். காலையில் முதல் ஷிப்டு. போனை எடுத்து குரூப்பைத் திறந்தேன். சூப்பர்வைசர் போட்டிருந்தார்: "இனி ஞாயித்துக்கெழமையும் எல்லாரும் வரணும். வராதவன் திங்கக்கெழமையும் வர வேணாம்."

அப்பா நாள் முழுக்க வீட்டில் இருப்பதே அந்த ஒரு நாள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வழக்கம்போல ஓகே போடலாம் என்றுதான் விரலை வைத்தேன். கண்ணாடி முழுக்க மண். விரல் வழுக்கியதில் எழுத்துக்குப் பதிலாகச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்து நின்றன. சரி, முதலில் துடைப்போம் என்று துப்பட்டா நுனியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

போய்விட்டது. கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரிக்கும் எட்டு முகங்கள், அப்பா பெயரில்.

அப்பாவின் கட்டைவிரலுக்கு அசையாத கண்ணாடி, என் ஈரத் துப்பட்டாவுக்கு அசைந்துவிட்டது! பதற்றத்தில் எதையோ அமுக்கி அழித்ததில் இந்த போனில் மட்டும்தான் அழிந்தது. மற்ற எல்லாருடைய போனிலும் அப்பா சிரித்துக்கொண்டேதான் இருக்கிறார்.

உடனே குரூப்பில் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள்.

"மணியண்ணே, செம!"

"வாயத் தொறக்காத மனுசன் கேட்டுட்டாருடா."

"நாங்களும் சிரிச்சிக்கினோம்ணே."

ஆளுக்கு ஒரு சிரிப்பு. கடைசியில் சூப்பர்வைசர்: "மணி, காலைல உள்ள போறதுக்கு முன்னாடி என்னைப் பாரு."

யாரிடமும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் என் அப்பா. பெர்மனன்ட் ஆள் என்றால் கண்டித்து விட்டுவிடுவார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு கேட் பாஸைப் பிடுங்கினால் அன்றோடு சரி. அவரை எழுப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவும் தூங்கிவிட்டார். போர்வைக்குள் முகத்தில் இந்த டச் போனின் வெளிச்சம் அடிக்க, ஒவ்வொரு எழுத்தையும் குனிந்து பார்த்துப் பார்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த பட்டன் போனாக இருந்தால் இருட்டிலேயே எழுதி முடித்திருப்பேன். அந்த பட்டன் போனாக இருந்தால் எழுதுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது... அமுக்கினால்தான் போகும், என்ன அமுக்கினோம் என்று அமுக்கியவருக்குத் தெரியும். இதில் மண்ணுக்கும் ஈரத்துக்கும் இருக்கிற மரியாதை அப்பா கைக்கு இல்லை. இதைப் போய் முன்னேற்றம் என்கிறார்கள்.

காலையில் அப்பா சைக்கிளை எடுப்பதற்குள் எப்படியாவது சொல்லிவிட வேண்டும். நானே போய் அந்த சூப்பர்வைசரிடம்

கதவைத் தட்டுகிறார்கள்.

"மணியண்ணே... மணியண்ணே..."

அப்பாவோடு வேலை செய்யும் செல்வம் சித்தப்பா குரல். அவர் மட்டும் இல்லை. வாசலில் நிறையச் செருப்புச் சத்தம். அப்பா எழுந்து லைட்டைப் போட்டுவிட்டார்.

"என்னடா செல்வம், இந்நேரத்துல?"

"நீ சிரிச்ச தைரியத்துல நாங்களும் ஞாயித்துக்கெழம வரலன்னு போட்டுட்டம்ணே. வெளிய வா, காலைல எல்லாரும் ஒண்ணாவே போயி அந்தாள பாக்கலாம்."

"நான் எங்கடா சிரிச்சேன்?"

"போன பாருண்ணே!"

"பாப்பா... அந்த போன இங்க எடு"