பெட்டி திரும்பக் கூடாது

தேனியில் ஒரு பருத்திக் கமிஷன் கடையின் மாடியில்தான் எங்கள் டிராவல் ஏஜென்சி இருந்தது. டிக்கெட் கிளார்க்காக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கண்ணில் பட்டது விமானப் படமில்லை, தகரப் பெட்டிகள். சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. அதன்மேல் வரிசையாகப் பெட்டிகள். ஒன்றில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. இன்னொன்றின் பூட்டில் வேப்பிலை சொருகியிருந்தது.

"இதெல்லாம் யாரோடது சார்?" என்று முதலாளி தேவசகாயத்திடம் கேட்டேன்.

"பயணம் போறவக பெட்டி பாப்பா. நல்ல நேரம் பாத்து வீட்ட விட்டு எடுத்து இங்கன வச்சுட்டாகன்னா, கெளம்பிட்டதாக் கணக்கு. ப்ளைட்டு என்னைக்கோ இருக்கட்டும்."

ராகு காலம் பார்த்தா விமானம் பறக்கிறது? அதனால் கம்பம் பள்ளத்தாக்கு ஜனங்கள் இப்படி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். ஆள் வீட்டிலேயே இருக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம். பெட்டி கிளம்பிவிட்டால் போதும். ஆனால் கிளம்பிய பெட்டி மறுபடி வீட்டுப் படி ஏறக் கூடாது; ஏறினால் பயணம் கெட்டுவிடும். பெட்டியோடு டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் வந்துவிட வேண்டும். அவற்றை மஞ்சள் பையில் போட்டுப் பெட்டியின் கைப்பிடியில் கட்டிவிடுவார்கள்.

எனக்கு இது வேப்பங்காயாகக் கசந்தது. டிக்கெட்டைப் பயணியின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நான் மதுரையில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள். "நம்ம ஆபீசா, பெட்டி வைக்கிற சத்திரமா?" என்று முதலாளியிடமே கேட்டிருக்கிறேன். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற மனிதர், சிரித்துக்கொண்டே கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டார்.

கொடி எழுதிய வால்

அரபு நாடுகளுக்கு ஆட்கள் போக ஆரம்பித்திருந்த காலம் அது. நாங்கள் அதிகம் எழுதியது ஒரு சின்னத் தீவு நாட்டின் தேசிய விமானக் கம்பெனி டிக்கெட். திருவனந்தபுரத்தில் ஏறலாம், விலையும் சல்லிசு. முதலாளிக்கு அந்தக் கம்பெனி மேல் அசையாத நம்பிக்கை.

"ஒரு நாட்டோட கொடியவே வால்ல எழுதிப் பறக்க விடுறாக. நம்ம பஸ் கம்பெனி மாதிரியா? கவர்மென்ட்டு எப்பிடி நொடிக்கும்?"

எனக்குச் சந்தேகம் வந்தது காலண்டரில். நான் சேர்ந்த வருஷம் பன்னிரண்டு வழவழப்பான தாளில் காலண்டரும் தோள்பையும் வந்தன. மறு வருஷம் ஒற்றைத் தாள். அதற்கடுத்த வருஷம் ஒன்றுமே வரவில்லை. பிறகு டைம்டேபிளில் ப்ளைட்டுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவர்களுடைய விமானங்கள் வாடகை விமானங்களாம். வாடகை பாக்கிக்காக ஒன்றைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று மதுரை ஆபீசில் பேசிக்கொண்டார்கள். முதலாளியிடம் சொன்னேன். "காலண்டர் போடாட்டி என்ன, நாள் ஓடாமலா இருக்கு?" என்றார். நானும் தொடர்ந்து எழுதினேன்.

லைட்னிங் கால்

கம்பத்து முருகேசன் மலை எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டியவன். அரபு நாட்டில் டிரைவர் வேலை கிடைத்து, சொந்த ஜீப்பை நண்பன் செல்வத்துக்கு விற்று டிக்கெட் எடுத்திருந்தான். விசா முடிய நாள் நெருங்கியிருந்தது. அதற்குள் போய் இறங்காவிட்டால் வேலையும் இல்லை, ஜீப்பும் இல்லை. மறுநாள் ப்ளைட். வீட்டில் சொல்லிக்கொண்டு, செல்வம் அதே ஜீப்பில் கொண்டுவந்து விட, பெட்டியை எடுக்கக் காலையிலேயே எங்கள் மாடி ஏறினான்.

அப்போதுதான் போன் அடித்தது. திருவனந்தபுரத்திலிருந்து லைட்னிங் கால், பல மடங்கு காசு கட்டினால் உடனே இணைப்புக் கிடைக்கும் அவசர டிரங்க் கால். அந்தக் கம்பெனியின் ஆபீஸ் மேனேஜர் குரியன் பேசினார்.

"மோளே, எங்க ப்ளேன் எல்லாம் நின்னு போச்சு. உன்கிட்ட உள்ள டிக்கெட் முழுக்க இன்னைக்கே கொண்டு வா. எண்டார்ஸ்மென்ட் போட்டுத் தரேன். நாளைக்கு இந்த ஆபீஸ் உண்டோ இல்லையோ."

எண்டார்ஸ்மென்ட் என்றால், இந்த டிக்கெட்டை வைத்து வேறு கம்பெனி விமானத்தில் ஏறலாம் என்று விற்ற கம்பெனியே சீல் வைத்துக் கையெழுத்துப் போடுவது. அசல் டிக்கெட்டிலேயே போட வேண்டும். கம்பெனி மூடிய பிறகு அந்த டிக்கெட் வெறும் தாள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "கொடி போட்ட கம்பெனியா இப்பிடி!" என்றார். பிறகு பெஞ்சைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தக் கம்பெனிக்கு எழுதின டிக்கெட் அத்தனையும் எங்கள் கண் முன்னால் மஞ்சள் பைகளில் தொங்கிக்கொண்டிருந்தன! வீடு வீடாக ஓட வேண்டியதில்லை. பைகளைக் கைப்பிடிகளிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்த்து எடுத்தேன்.

"மதுரை போய் ரயிலப் பிடிச்சா ராவாயிரும்," என்றான் முருகேசன். "குமுளி வழியா ஜீப்புல போனா சாயந்தரம் சேந்துரலாம். செல்வம், சாவியக் குடு."

"வண்டி என்னுதுலே."

"மலை என்னுது. குடு."

இங்கிலீஷ் பேச நான். ஒரு பெண்ணை எப்படித் தனியாக அனுப்புவது என்று முதலாளியும் கையில் எலுமிச்சம்பழத்தோடு ஏறினார். மலைப்பாதை அவருக்கு ஆகாது.

கம்பம் மெயின் ரோடு

உத்தமபாளையம் தாண்டியதும் முருகேசன் வேகத்தைக் குறைத்தான். கம்பம் அவன் ஊர். ரோட்டு ஓரத்துத் திராட்சை மண்டியில்தான் அவன் அம்மா வேலை பார்த்தாள்.

"பெட்டியோட ஊருக்குள்ள போறமேடா," என்றான்.

"ஏலே, வண்டிதான போகுது. நீ எறங்கவா போற?" என்றான் செல்வம்.

மண்டி வாசலில் ஒரு வாழைக்காய் லாரி வழியை மறித்து நின்றது. ஜீப்பும் நின்றது. அங்கே கத்தரியால் கொத்துகளில் அழுகல் பழத்தை நறுக்கிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். மகனைப் பார்த்தாள். பின்னால் என் காலடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். எழுந்து ஓரெட்டு வைத்தாள். அப்புறம் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. பயணம் கெட்டுப்போச்சு என்று மகன் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். முருகேசன் லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான். லாரி நகர்ந்தது. ஊர் தாண்டிய பிறகு தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கூப்புட்டா, போறவனப் பின்னால இருந்து கூப்புட்ட மாதிரி ஆயிரும்ல. அதான் திரும்பிக்கிட்டாக," என்று செல்வம் என் காதில் சொன்னான். மலை ஏறி முடிக்கும்வரை முதலாளி எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

சீல்

திருவனந்தபுரம் ஆபீசில் ஒரே கூச்சல். ஏஜெண்டுகள் பலர் வெறுங்கையோடு நின்றார்கள். அவர்களுடைய டிக்கெட்டுகள் எல்லாம் எங்கெங்கோ ஊர்களில் பயணிகளின் அலமாரிக்குள் இருந்தன. குரியன் சார் என்னைப் பார்த்ததும், "டிக்கெட் எவிடே?" என்றார். மஞ்சள் பைகளை மேஜையில் கொட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து சீலை எடுத்தார்.

அவருக்கே சம்பளம் வந்து மாதங்கள் ஆகியிருந்தன. "நிறுத்துன்னு தலைமை ஆபீஸ் டெலக்ஸ் வர்ற வரைக்கும் சீல் என் கையில்தான்," என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றிலும் அழுத்திக் குத்தினார். வேறொரு கம்பெனியில் இருந்த தன் சிநேகிதருக்கு அவரே போன் செய்து முருகேசனுக்கு மறுநாள் சீட்டும் வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்டவருக்கு வேலை போயிற்றே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

முருகேசன் பறந்தான். மற்ற பெட்டிகளும் பெஞ்சிலிருந்து நேராகப் பயணம் போயின, ஒன்றுகூட வீடு திரும்பவில்லை. அந்த வாரமே கம்பெனியை இழுத்து மூடினார்கள். நான் முதலாளியிடம் சொல்லி இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கொடியைப் பார்த்து டிக்கெட் எழுதாதீர்கள். காலண்டர் வருகிறதா என்று பாருங்கள். கஸ்டமர் செய்வது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் பெஞ்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

சில மாதம் கழித்து முருகேசனின் அம்மா ஒரு கூடை பன்னீர் திராட்சையோடு மாடி ஏறி வந்தாள். மகன் நன்றாக இருக்கிறானாம், பெரிய லாரி ஓட்டுகிறானாம். முகம் பூரித்துக் கிடந்தது.

"அன்னைக்கு மண்டி வாசல்ல எங்களப் பாத்தீகளா ஆத்தா?" என்று கேட்டேன்.

"நான் யாரையும் பாக்கலையே தாயி," என்றாள். கூடையிலிருந்து பழத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். கடைசிக் கொத்தையும் வைத்துவிட்டு, "சட்டையில மேல் பொத்தானப் போடாம இருந்தான். மேல ஏற ஏறக் குளிருமே, போட்டுக்கடான்னு சொல்லத்தான் வாயெடுத்தேன்," என்றாள்.