இரண்டாவது திருத்தம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளில் அமெரிக்க அரசியலமைப்பைச் சுவரில் ஒட்டிவைத்திருந்த ஒரே காம்பரா எங்களுடையதுதான். அம்மாவின் தம்பி எங்களோடு இருந்துகொண்டு, வெளிவாரியாகப் பட்டப் பரீட்சைக்குப் படித்துவந்தார். அரசியல் விஞ்ஞானத்தில் இரண்டு முறை தவறியவர், மூன்றாவது முறைக்காகப் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், தாளுக்கு ஒன்றாக, முதல் பத்துத் திருத்தங்களையும் கொட்டை எழுத்தில் எழுதி லயத்துச் சுவரில் வரிசையாக ஒட்டியிருந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். எனவே மாமாவின் உரிமைகளை எதிர்கொள்ள வீட்டில் இருந்த அரசாங்கம் அம்மா ஒருத்திதான்.

துவைப்பதற்கு முன் அம்மா சட்டைப் பையைத் துழாவினால், நீதிமன்ற ஆணை இல்லாமல் சோதனை போடக் கூடாது, நாலாவது திருத்தம் என்பார் மாமா. பையிலிருந்து பீடிக்கட்டு வெளியே வந்த பிறகு அவரும் அதைப் பற்றி மேலே பேச மாட்டார். வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் படைவீரர்களை வீட்டில் தங்கவைக்கக் கூடாது என்பது மூன்றாவது. "நமக்கே கால நீட்ட எடமில்ல. இதுல எவன்டா வந்து தங்கப் போறான்?" என்று அம்மா அதைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

எனக்குப் பிடித்தது ஐந்தாவது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாதாம். டின்பால் பாதியாகக் குறைந்திருந்த ஒரு நாள், யார் குடித்தது என்று அம்மா கேட்டபோது, "சொல்ல மாட்டேன். அஞ்சாவது" என்றேன். அம்மா அகப்பையை எடுத்தாள். மாமா குறுக்கே வந்து, மௌனத்தைக் குற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாதாடினார்.

"அதெல்லாம் அமெரிக்காவுல பொறந்தவளுக்கு. இவ என் வயித்துல பொறந்தவ" என்று அம்மா தீர்ப்பை நிறைவேற்றினாள்.

வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. கொழும்பில் எங்காவது குண்டு வெடித்தால், கொஞ்ச நாளில் எங்கள் லயங்களில் சோதனை நடக்கும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பொலிஸ்காரர்கள் எங்கள் வாசலுக்கும் வந்தார்கள். யார் வந்தாலும் முதலில் நீதிமன்ற ஆணையைக் கேட்க வேண்டும் என்று பலமுறை சொல்லியிருந்த மாமா, அவர்கள் கேட்பதற்கு முன்பே கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்துத் திறந்துவைத்தார். யாரும் கேட்காத பீடிக்கட்டையும் எடுத்துக் காட்டினார்.

சார்ஜன்ட் சுவரைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மாமாவை நம்பாமல் என் பக்கம் திரும்பினார்.

"நங்கி, தங்கச்சி, இது படிங்க."

நான் அப்போது நாலாம் ஆண்டு. வாசிப்பில் வகுப்பிலேயே முதல். வெளியாள் ஒருவர் என்னை வாசிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்று முதல் தாளை ஒரு தடங்கலும் இல்லாமல் படித்தேன். சார்ஜன்ட் தலையை ஆட்டினார். அந்த உற்சாகத்தில் இரண்டாவதைக் குரலை உயர்த்திப் படித்தேன்.

"ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது."

அதில் சார்ஜன்டுக்கு விளங்கியது ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல் சிங்களத்திலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

"ஆயுதமா?" என்றார்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, இன்னும் சத்தமாக மறுபடி படித்தேன்.

"அது அமெரிக்கா, சார். அமெரிக்கா" என்றார் மாமா. அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவன் படித்துப் படித்து இரண்டு தரம் பெயிலானவன், இவனால் ஒரு காரியமும் ஆகாது என்று மன்றாடினாள். எதுவும் எடுபடவில்லை. பத்துத் தாள்களையும் உரித்துச் சுருட்டி மாமாவின் கையிலேயே கொடுத்து, ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பெரகலச் சந்திக்கு ஓடி பஸ் பிடித்தாள். பொலிஸில் எங்களை வெளியே மர வாங்கில் உட்காரவைத்தார்கள். கதவு திறந்திருந்ததால் உள்ளே நடப்பது தெரிந்தது. பெரிய அதிகாரி மேசைக்குப் பின்னால் இருந்தார். நல்ல தமிழ் பேசினார்.

"அங்க எல்லாரும் துவக்கு வச்சிருக்கலாமா?"

"வச்சிருக்கலாம், சார். ஆனா எல்லை இருக்குங்க. எல்லா உரிமைக்கும் எல்லை இருக்குங்க, சார்."

வீட்டில் உரிமைகளை மட்டுமே சொல்லிவந்த மாமா, அங்கே எல்லைகளை மட்டுமே சொன்னார். பேச்சுச் சுதந்திரம் உண்டு, ஆனால் ஆபத்து கண்ணெதிரே நிற்கும்போது பேச்சைத் தடுக்கலாம். வீட்டைச் சோதிக்கக் கூடாது, ஆனால் அவசரமென்றால் சோதிக்கலாம். எந்த நீதிபதி எதில் எங்கே கோடு கிழித்தார் என்பதையெல்லாம் ஒப்பித்தார். பரீட்சையில் வராத ஞாபகமெல்லாம் அன்றைக்கு வந்தது. அதிகாரி டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"அஞ்சாவது என்ன?"

"கேள்வி கேட்டா பதில் சொல்லாம இருக்கலாம், சார்."

"அப்ப ஏன் இவ்வளவு நேரமா பதில் சொல்றீங்க?"

"நீங்க கேட்டீங்களே, சார்."

அதிகாரி மேசையைத் தட்டிச் சிரித்தார். கொஞ்சம் கழித்து மாமாவும் சிரித்தார். இருவரும் சிநேகமாகிவிட்டார்கள் என்று அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

மத்தியானத்துக்குமேல் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். இரண்டாவது தாளை வைத்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் மாமா யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பிழையில்லாமல் வாசித்ததைப் பற்றி யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று கடைசிவரை காத்திருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் லயத்து ஆட்கள் கூடிவிட்டார்கள். அடித்தார்களா என்று ஒருவர் கேட்டார்.

"சேச்சே. படிச்ச மனுசன். கதிரை குடுத்து ஒக்கார வச்சாரு. டீ குடுத்தாங்க. ரெண்டு பேரும் சரிக்குச் சரி பேசிக்கிட்டு இருந்தோம்" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை.

"இல்ல மாமா, நீங்க நின்னுக்கிட்டேதான இருந்தீங்க. டீ அவருக்கு மட்டுந்தான வந்துச்சு."

பக்கத்துக் காம்பரா அக்கா அடுப்பில் சோறு இருப்பதாகச் சொல்லி எழுந்து போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது. மாமா மட்டும் என்னைத் திட்டவில்லை. "பாப்பா சொல்றது சரிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எழுதியிருந்ததை எழுதியபடி படித்தேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். ஒரே நாளில் இரண்டு தரம் சரியாக நடந்துகொண்டும் ஏன் ஒருவர்கூட என்னைப் பாராட்டவில்லை என்று, தொடையைத் தடவியபடி நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.