ஒன்பதாவது கழகம்

எண்பதுகளில் பாரிஸ் நகரின் லா சப்பலில் இருந்த எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் செயலாளர். மனேஜர், பக்கத்து ஸ்டாலின்கிராட் பகுதியில் வசித்த ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் பேர்பெற்ற ஆட்டக்காரராம். பிறகு எட்டுக் கழகங்களுக்கு மனேஜராகி, எட்டிலிருந்தும் நீக்கப்பட்டவர். நாங்கள் ஒன்பதாவது. ஏற்கெனவே ஐந்து ஆட்டம் தோற்றிருந்தோம். ஆறாவதும் தோற்றால் அவரை நிறுத்துவதென்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது. அதை அவரிடம் சொல்லவேண்டியவன் நான் என்பதால் எனக்கு நித்திரையே இல்லை.

ஆறாவது ஆட்டம் பாரிஸ் புறநகரான செவ்ரானில். போய் இறங்கியதுமே செவ்ரான் அணித் தலைவரின் தாய் சோற்றுப் பானையோடு வழிமறித்தார்.

“முதல்லை சாப்பிடுங்கோ, பிறகு விளையாடலாம்.”

“வயிறு நிறைஞ்சா ஓடேலாது, தங்கச்சி,” என்றேன்.

“சாப்பிடாட்டி இனி என்ரை முகத்திலை முழிக்காதேங்கோ, அண்ணை!”

எங்கள் பதினொரு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்டிறைச்சிக் கறி மூன்று தடவை வந்தது. விருந்தாளிகள் உண்டபிறகே வீட்டுக்காரர் உண்பது வழக்கமாதலால், செவ்ரான் அணி வெறும் வயிற்றோடு நின்று பரிமாறியது. கிழவர் அதைக் கவனித்துவிட்டு, அவர்களையும் உட்காரச் சொல்லும்படி என் காதில் பிரெஞ்சில் சொன்னார்.

“தங்கச்சி, உங்கடை பொடியளும் எங்களோடை இருந்து சாப்பிட்டால்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்,” என்றேன். அவர்களும் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டார்கள்.

ஆட்டம் பூச்சியத்துக்குப் பூச்சியம். மைதானத்தில் ஓடிய ஒரே ஆள் நடுவர்தான். வேலை தப்பிய கிழவர், அதுவரை தான் மட்டும் சாப்பிடவில்லை என்று சொல்லித் தட்டை நீட்டினார்.